வார இறுதி சைக்கிள் பயணத்தில் என்ன சாப்பிட, எவ்வளவு குடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் பிடோக்கிலிருந்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் கிளம்புவோம். பந்தயக்காரர்கள் யாரும் இல்லை. அலுவலகம் போகிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பணி ஓய்வு பெற்ற இரண்டு பேர். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரம் கியர் பற்றிக் கேட்பார்கள், இரண்டாம் வாரம் சாப்பாடு பற்றிக் கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுல ஒரு மணி நேரம்தான் ஓட்டப்போறேன். அதுக்கும் சாப்பிட்டுட்டு வரணுமா அக்கா?

வேண்டாம். முதல் நாள் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் உங்கள் தசையிலும் ஈரலிலும் 400, 500 கிராம் அளவுக்கு மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்ட அது தாராளம். ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பசித்தால் ஒரு வாழைப்பழம்.

காலையில ஆறரைக்குக் கிளம்பணும்னா எத்தனை மணிக்கு எழுந்து என்ன சாப்பிடறது?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால்தான் இந்தக் கேள்வி முக்கியம். முழுச் சாப்பாடு செரிக்க மூன்று மணி நேரம் வேண்டும். அதற்காக யாரும் மூன்றரை மணிக்கு எழுந்து சமைக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும்.

நம் வீட்டில் இதற்கு இட்லியைவிட நல்லது எனக்குத் தெரியாது. எண்ணெய் இல்லை, ஆவியில் வெந்தது, சீக்கிரம் செரிக்கும். மூன்று இட்லிக்கு கொஞ்சம் சர்க்கரை, இல்லையென்றால் பொடி. தேங்காய்ச் சட்னியையும் பருப்பு நிறைந்த சாம்பாரையும் திரும்பி வந்து சாப்பிடுங்கள். கொழுப்பும் நாரும் வயிற்றில் தங்கி, குனிந்து ஓட்டும்போது நெஞ்சுவரை வரும். இடியாப்பமும் நன்றாக ஒத்துக்கொள்ளும். இங்கே ‘புத்து மாயம்’ என்று ஆரஞ்சு நிறச் சர்க்கரையோடு விற்கிறார்களே, அதேதான். தேங்காய்ப்பூவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு பற்ற வைக்க நேரமில்லையென்றால் காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்ந்த ஜாம்) தடவிய ரொட்டி இரண்டு துண்டு.

ஒரு பாட்டில் தண்ணி போதுமா? எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. பக்கத்தில் ஓட்டுகிறவரைப் போல இரண்டு மடங்கு வியர்க்கிறவர் உண்டு. உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு எடைக் கருவிதான்.

கிளம்புமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உடை இல்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதேபோல் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். போன மாதம் நான் எடுத்த கணக்கு இது: கிளம்பும்போது 62.4 கிலோ, திரும்பியதும் 61.5. வழியில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக ஒன்றரை மணி நேரத்தில் 1.4 லிட்டர் வியர்த்திருக்கிறது. மணிக்கு 900 மில்லிக்கும் மேல். இத்தனைக்கும் அது வெயில் ஏறாத காலை நேரம்.

போன வியர்வை அத்தனையையும் ஓட்டும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு அது சுமார் 1.2 கிலோ. கணக்கு எடுக்காதவர்கள் இப்போதைக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்காகக் குடியுங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பூங்காக்களில் குடிநீர்க் குழாயைக் கண்டால் நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

தாகம் எடுத்தா குடிக்கிறோம். அதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?

ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தாகமே போதுமான வழிகாட்டி. நீண்ட பயணத்தில் பேச்சும் காட்சியும் சேர்ந்து தாகத்தை மறக்கடித்துவிடும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் உள்ள ஐயா ஒருவர் சாங்கி வரை போய்த் திரும்பியும் பாட்டில் நிறைய தண்ணீர் வைத்திருப்பார். இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் அவரோடு சேர்ந்து குடிக்கிறோம். பிள்ளைகளும் அப்படித்தான். விளையாட்டு மும்முரத்தில் கேட்க மாட்டார்கள், நாம்தான் நிறுத்திக் கொடுக்க வேண்டும்.

வெறும் தண்ணியா, 100 பிளஸ் மாதிரி விளையாட்டுப் பானமா? அதுல சீனி அதிகம், தரம் குறைவுன்னு பொண்ணு சொல்றா.

ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீரே போதும். அதற்குமேல் போனால் சர்க்கரையும் உப்பும் கலந்த பானம் உதவும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. கறுப்புச் சட்டை போட்டு ஓட்டினால் காய்ந்தபிறகு பை வார் அழுத்திய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அந்தக் கோடு தடிப்பாக விழுகிறவர்கள் உப்பை மறக்கக் கூடாது.

மகள் சொல்வது ‘நியூட்ரி கிரேட்’ பற்றி. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து இங்கே புட்டி, டப்பா பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. நாள்தோறும் நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பவருக்கு அது நல்ல எச்சரிக்கை. ஆனால் இரண்டு மணி நேரம் மிதிக்கும் தசைக்கு 100 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை என்பது சரியான அளவு. குடலும் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். எப்போது குடிக்கிறோம் என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. சைக்கிள் ஓட்டும்போது குடியுங்கள், சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

கடையில வாங்காம வீட்டுலயே கலந்துக்க முடியாதா?

தாராளமாக. நான் வாரா வாரம் செய்வது இது: ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சைப் பழத்தின் சாறு. சர்க்கரை 50 கிராம் வரும். கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நீண்ட உடற்பயிற்சிக்கு லிட்டருக்கு 500 முதல் 700 மில்லிகிராம் சோடியம் என்று பரிந்துரைப்பார்கள், அதற்குள் அடங்கிவிடும். உப்பை மட்டும் கண்மட்டத்துக்குப் போடாதீர்கள், கரண்டியால் அளந்து போடுங்கள். கூடினால் குமட்டும். இரத்த அழுத்தத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகே செய்யுங்கள்.

பானகம் இதற்கு அண்ணன்தான். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்துப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் என்ன கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். வெயிலில் உழைக்கும் உடம்புக்கு இனிப்பும் புளிப்பும் தண்ணீரும் வேண்டும் என்பது நம்மவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். வெல்லத்தை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் மூக்கு அடைத்துக்கொள்ளும். நீர்மோர் வீடு திரும்பிய பிறகுதான். வெயிலில் பாட்டிலுக்குள் அது திரிந்துபோகும்.

இன்னொன்று. முதல் நாள் இரவே பாட்டிலில் பாதி நிரப்பிப் படுக்க வைத்து உறைய விடுங்கள். காலையில் மீதியை ஊற்றினால் ஒரு மணி நேரமாவது குளிர்ச்சி நிற்கும். குளிர்ந்தால் தானாகவே அதிகம் குடிப்பீர்கள், உடல் சூடும் கொஞ்சம் தணியும்.

இளநீர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

இளநீர் எனக்கும் உயிர். புலாவ் உபின் போய்ப் படகுத்துறைப் பக்கம் இளநீர் குடிக்காமல் நான் திரும்பியதில்லை. ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நேர்மாறாகச் சோடியம்தான் அதிகம் போகிறது. அதனால் இளநீரோடு உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள், இல்லை ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். உபினுக்குப் போகும்போது குடிதண்ணீரைச் சாங்கியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தீவில் கடைகள் படகுத்துறையை ஒட்டித்தான் இருக்கின்றன. உள்ளே போய்விட்டால் குரங்கும் காட்டுப்பன்றியும்தான்.

மூணு மணி நேரம் போறோம்னா நடுவுல என்ன சாப்பிடறது? எனக்கு ஓட்டும்போது பசிக்கவே பசிக்காது.

பசிக்காததுதான் இதில் உள்ள பொறி. சாங்கி கரையோரமாகப் போகும் சாலை தெரியும் அல்லவா, விமான ஓடுபாதையை ஒட்டி நேராக, நிழலே இல்லாமல் போகுமே. அங்கே ஒரு தம்பி எங்களோடு முதன்முறை வந்திருந்தார். பலசாலி, முன்னால் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பேச்சு நின்றது. அப்புறம் வேகம் குறைந்தது. இறங்கி நின்றபோது கையைப் பார்த்தேன், பிரேக்கில் வைத்திருந்த விரல்கள் நடுங்கின. முகத்தில் சில்லென்று வியர்வை. காலையில் ஒரு கோப்பி மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். இனிப்புத் தண்ணீரும் ஆறேழு பேரீச்சம்பழமும் கொடுத்து நிழலில் உட்கார வைத்தோம். இருபது நிமிடத்தில் பழையபடி பேச ஆரம்பித்தார். முதல் பதிலில் சொன்ன சேமிப்பு தீர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நம்மைப் போல் நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு 30, 40 போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், ஒரு இட்லியில் 10, 12 கிராம், சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் 5 கிராம், காயா தடவிய இரண்டு துண்டு ரொட்டியில் 35க்கு மேல். மேலே சொன்ன வீட்டுப் பானத்தில் அரை லிட்டர் குடித்தாலே 25 கிராம் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரம் முடியுமுன்பே ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு வாய் என்று போங்கள். கடலைமிட்டாய் சட்டைப் பையில் உருகாமல் இருக்கும், ஆனால் கடலையின் கொழுப்பால் மெதுவாகத்தான் வேலை செய்யும். நடுங்க ஆரம்பித்தவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

ஜெல் பாக்கெட் வாங்கணுமா?

நமக்குத் தேவையில்லை. ஒரு பாக்கெட்டில் 20, 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், ஒரு வாழைப்பழம்தான். விலை பல மடங்கு. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு மெல்ல நேரம் இருக்காது, அவர்களுக்கு அது சௌகரியம். வாங்கினால் தண்ணீரோடு விழுங்குங்கள், காலிப் பாக்கெட்டைப் பையில் போடுங்கள்.

சாங்கி வில்லேஜ் போய் நாசி லெமாக் சாப்பிடாம வரவா? அது பாவம் இல்லையா?

சாப்பிடுங்கள். அந்த உணவங்காடி நிலையத்துக்காகவே பாதிப் பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் பொரித்த கோழியும் செரிக்க நேரம் எடுக்கும், அதுதான் சிக்கல். சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள், திரும்பும்போது மெதுவாக மிதியுங்கள். அவசரமாகத் திரும்ப வேண்டுமென்றால் பாதிச் சோறு போதும், கோழியைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பரோட்டாவும் இப்படித்தான். பயணத்தின் முடிவில் வைத்துக்கொண்டால் ஒரு குறையும் இல்லை.

கோப்பி குடிச்சா உடம்புத் தண்ணி வத்திடுமாமே?

வழக்கமாக ஓரிரு கோப்பை குடிக்கிறவருக்கு அப்படி ஆகாது. குடித்த கோப்பியின் தண்ணீரும் கணக்கில் சேரும். காஃபின் களைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் செய்யும். கிளம்புமுன் என்றால் பால் கலக்காத கோப்பி ஓ நல்லது, கெட்டிப்பால் கலந்தது சிலருக்கு வயிற்றைப் புரட்டும். பழக்கமில்லாதவர் சைக்கிள் நாளில் முதன்முறையாகக் குடித்துப் பார்க்க வேண்டாம். பியர் மட்டும் வீடு திரும்பும்வரை கூடாது. அதற்கு விளக்கம் தேவையில்லை.

வெறும் வயித்துல ஓட்டினா கொழுப்பு வேகமாக் கரையுதாம், உண்மையா?

பாதி உண்மை. வெறும் வயிற்றில் ஓட்டும் அந்த நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கும். ஆனால் நாள் முழுக்கச் சாப்பிட்ட அளவு ஒன்றாக இருந்தால், வாரக் கணக்கில் பார்க்கும்போது உடல் கொழுப்புக் குறைவதில் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு மணி நேரம் லேசாக ஓட்ட ஆசைப்பட்டால் ஓட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்கு வேண்டாம், சாங்கி கரையோரத்தில் நின்ற தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாசமா ஓட்டறேன், எடை கூடுதே ஒழிய குறையலையே?

ஓட்டி முடித்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். 65 கிலோ எடையுள்ளவர் நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்டினால் 400, 450 கிலோகலோரி செலவாகும். இரண்டு பரோட்டா, குழம்பு, ஒரு தே தாரிக் (கெட்டிப்பால் தேநீர்) முடிந்தால் அது திரும்ப வந்துவிடும். குட்டைப் பயணத்துக்குப் பிறகு தனி உணவு தேவையில்லை, அடுத்த வேளைச் சாப்பாடே போதும்.

நீண்ட பயணம் முடிந்தால் மாவுச்சத்தோடு 20 கிராம் அளவு புரதம் சேரட்டும். சோறு, பருப்பு, இரண்டு முட்டை, தயிர் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே அது கிடைக்கும். குறைந்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு தண்ணீரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர். கூடவே உப்புள்ள சாப்பாடு. ரசம் இதற்கென்றே பிறந்தது.

கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. உப்பு குறைஞ்சதாலதானே?

சிலருக்கு இருக்கலாம். பலருக்குப் பழக்கத்துக்கு மீறி மிதித்த தசைக் களைப்புதான் காரணம், இருக்கை உயரம் சரியில்லாததும் சேர்ந்துகொள்ளும். பிடித்தால் இறங்கி, காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சட்டையில் உப்புக் கோடு விழுகிறவராக இருந்தால் பானத்தில் உப்பைச் சேர்த்துப் பாருங்கள். உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்வது வேண்டாம்.

தண்ணி அதிகமாக் குடிச்சாலும் ஆபத்துன்னு கேள்விப்பட்டேன்.

ஆமாம். வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம், வலிப்பு வரை போகலாம். மெதுவாக, நெடுநேரம், பயந்து பயந்து குடித்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது வரும். எடைக் கணக்கு இங்கேயும் உதவும். திரும்பி வந்தபோது எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. இனிப்புத் தண்ணி குடிக்கலாமா, கூடாதா?

எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்சுலினும், கணையத்தைத் தூண்டும் சில மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை மளமளவென்று இறங்கலாம், மணிக்கணக்கில் கழித்து இரவில்கூட இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. பயணத்துக்கு முன் மருந்தளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சோதனைக் கருவியைப் பையில் வையுங்கள். நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே நில்லுங்கள். இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை உடனே வாய்க்குள் போக வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் அந்த அளவு வரும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறவில்லையென்றால் அதே அளவு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யச் சர்க்கரைப் பானம் அந்த நேரத்தில் உதவாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது கூட ஓட்டும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

நோன்பு மாசத்துல ஓட்டலாமா?

எங்கள் கூட்டத்தில் நோன்பு நோற்கும் இருவர் மாலை ஆறரைக்குக் கிளம்பி நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டு வாசலில் இருப்பதுபோல் அரை மணி, முக்கால் மணி நேரம் லேசாக ஓட்டுவார்கள். வெயில் தாழ்ந்திருக்கும், முடித்த உடனே குடிக்கலாம். நீண்ட பயணம் என்றால் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்தபிறகு. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் சேர்ந்தால் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் வந்துவிடுகின்றன. பகலில் நோன்போடு நெடுந்தூரம் மட்டும் போகாதீர்கள்.

மடக்கு சைக்கிளோட எம்ஆர்டில திரும்பி வரும்போது குடிக்கலாமா?

ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதம் 500 வெள்ளி வரை. தண்ணீருக்கும் அதேதான். உள்ளே நுழையுமுன் நன்றாகக் குடித்துவிடுங்கள்.

நல்லாக் குடிச்சு, நல்லாச் சாப்பிட்டும் தலை சுத்துது. எப்போ நிறுத்தணும்?

அப்போதே. குடிப்பது உதவும், ஆனால் வெப்பத்தை அது முழுதாக வெல்லாது. ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் சூடு இறங்காது. 2023 ஜூலையிலிருந்து இங்கே வெப்ப அழுத்த நிலையைக் குறைவு, மிதம், அதிகம் என்று அறிவிக்கிறார்கள், ‘மைஎன்வி’ செயலியில் பார்க்கலாம். ‘அதிகம்’ என்று காட்டினால் நாங்கள் பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம்.

தலைசுற்றல், குமட்டல், வியர்வைக்கு நடுவே குளிர் நடுக்கம் வந்தால் நிழலுக்குப் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தடுமாறி விழுந்தாலோ 995ஐ அழையுங்கள். அப்படிப்பட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். சாலையோரமாக இருந்தால் பக்கத்து விளக்குக் கம்பத்தில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள், இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.